டைமிங் பெல்ட்: நல்லா ஓடுற வண்டியில கை வைக்கணுமா?

இரண்டாவது_ஓனர்

எல்லாருக்கும் வணக்கம். ஆறு மாசம் முன்னாடி பழைய பெட்ரோல் கார் ஒண்ணு வாங்கினேன். 9 வயசு, மீட்டர்ல 64,000 கி.மீ.தான். முதல் ஓனர் வயசானவர், வாரத்துக்கு ரெண்டு தடவை வண்டியை எடுத்தா அதிகம். பாடியில ஒரு கீறல் கிடையாது. நல்ல வண்டி சிக்கிடுச்சுன்னு நிம்மதியா இருந்தேன்.

போன வாரம் ஆயில் மாத்த விட்டேன். மெக்கானிக் எடுத்த எடுப்புல "டைமிங் பெல்ட் மாத்தியாச்சா?"ன்னார். எனக்கு ஒண்ணும் புரியல. பானட்டைத் தூக்கி, பக்கவாட்டுல ஓடுற கறுப்பு பெல்ட்டைக் காட்டி "இதுதானே? புதுசு மாதிரி இருக்கே"ன்னேன். சிரிச்சுட்டார். "அது ஆல்டர்னேட்டருக்கும் ஏசிக்கும் ஓடுறது. அது அறுந்தா பேட்டரி லைட் எரியும், ஓரமா நிறுத்திக்கலாம். நான் கேக்கறது அந்த மூடிக்குள்ள இருக்கறது. அது அறுந்தா என்ஜினே போச்சு"ன்னார்.

வீட்டுக்கு வந்து கையேட்டைப் புரட்டினேன். டைமிங் பெல்ட் மாத்த வேண்டியது 1,00,000 கி.மீ.ன்னு போட்டிருக்கு. அப்ப இன்னும் 36,000 பாக்கி இருக்கே, இவர் ஏன் அவசரப்படுத்தறார்? வண்டி சத்தமே இல்லாம ஓடுது, ஒரே செல்ஃபுல ஸ்டார்ட் ஆகுது. மூடியைத் திறந்து பாத்து, பெல்ட் நல்லா இருந்தா விட்டுடலாமா? ஒரு ரப்பர் பெல்ட்டை நம்பி எதுக்கு என்ஜின் பண்றாங்கன்னும் புரியல. செயின் போட்ட வண்டியே வாங்கியிருக்கணுமோ? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஹைவே_ராஜா

ப்ரோ, ஓடுற வண்டியை நோண்டாதீங்க. என்னோடது 1,40,000 தாண்டிடுச்சு, அந்த மூடியை ஒரு தடவைகூடத் திறந்ததில்ல. சர்வீஸுக்குப் போனா எதையாவது மாத்தச் சொல்றது வழக்கம்தானே. சத்தம் வந்தா பாத்துக்கலாம்.

கிரீஸ்_கை

ராஜா, உங்க வண்டியில இருக்கறது பெல்ட்டா செயினான்னு முதல்ல பாத்துட்டு வாங்க. பெல்ட்டா இருந்தா, நீங்க சொல்ற அந்த சத்தம் ஒரே ஒரு தடவைதான் வரும். வந்த பிறகு பாத்துக்க ஒண்ணும் இருக்காது.

தம்பி இரண்டாவது ஓனர், நான் 22 வருஷமா என்ஜின் வேலை பண்றேன். இப்ப பெரும்பாலும் ஹெட் (சிலிண்டருக்கு மேல வால்வெல்லாம் உக்கார்ற பாகம்) வேலை மட்டும்தான். வால்வு வளைஞ்சு என் பெஞ்சுக்கு வர்ற ஹெட்டோட கூடவே ஒரு வசனமும் வரும்: "நேத்து வரைக்கும் நல்லாத்தாங்க ஓடிட்டிருந்துச்சு." பொய் இல்ல. பெல்ட் அறுந்து வர்ற வண்டி எல்லாமே அறுந்த நிமிஷம் வரைக்கும் நல்லாத்தான் ஓடியிருக்கும்.

அந்த பெல்ட் என்ன பண்ணுதுன்னு தெரிஞ்சா மீதி தானா விளங்கும். கீழ கிராங்க், பிஸ்டனை ஏத்தி இறக்குது. மேல கேம், வால்வைத் திறந்து மூடுது. நாலு ஸ்ட்ரோக் என்ஜின்ல கிராங்க் ரெண்டு சுத்து வந்தா கேம் ஒரு சுத்து வரணும். அதனாலதான் கேம் புல்லியில ரெண்டு மடங்கு பல் இருக்கும், கிராங்க்ல 20ன்னா கேம்ல 40. மீட்டர் முள் 3,000ல நிக்கும்போது கேம் 1,500 சுத்துது, அதாவது ஒவ்வொரு வால்வும் செகண்டுக்கு 25 தடவை இறங்கி ஏறுது. வால்வு இறங்கி வர்ற இடத்துக்கேதான் பிஸ்டனும் ஏறி வருது. ஒருத்தர் எழுந்து போனதும் இன்னொருத்தர் வந்து உக்கார்ற ஒத்தை நாற்காலி மாதிரி. அந்த முறை தப்பாமப் பாத்துக்கறது பெல்ட் மட்டும்தான்.

அறுந்தா கேம் நின்ன இடத்துலயே நின்னுடும். ரெண்டு மூணு வால்வு திறந்தபடி தொங்கும். ஆனா வண்டி கியர்ல உருண்டுக்கிட்டு இருக்கே, கிராங்க் சுத்திக்கிட்டேதான் இருக்கும். பிஸ்டன் மேல வந்து வால்வுத் தலையில இடிக்கும். வால்வுத் தண்டு வளையும், அதைப் பிடிச்சிருக்கற கைடு விரிசல் விடும், நேரம் சரியில்லைன்னா வால்வுத் தலை உடைஞ்சு பிஸ்டனே ஓட்டை ஆகும். இப்படி இடிக்கற அமைப்பை இன்டர்ஃபியரன்ஸ் என்ஜின்னு சொல்வாங்க. இடிக்காதபடி இடம் விட்டுக் கட்டினதும் உண்டு. அதுல பெல்ட் அறுந்தா வண்டி நிக்கும், புது பெல்ட் போட்டா கிளம்பிடும். ஆனா கம்ப்ரஷனைக் கூட்டி, வால்வை ஆழமாத் திறந்து மைலேஜ் எடுக்கப் பாக்கற இந்தக் காலத்து என்ஜின்கள்ல பெரும்பாலும் இடிக்கற வகைதான். டீசல்னா கேக்கவே வேணாம், பிஸ்டன் மேல வந்து நிக்கறப்ப ஹெட்டுக்கும் அதுக்கும் நடுவுல இடமே இருக்காது.

அறுந்தாத்தான் வினைன்னு இல்ல, ஒரு பல் தாண்டினாலும் போதும். மேல சொன்ன 20 பல் கணக்குல ஒரு பல்லுன்னா கிராங்க்ல 18 டிகிரி. வண்டி ஓடும், ஆனா இழுக்காது. ஐடில்ல நடுங்கும், இன்ஜெக்டர் கிளீன் பண்ணு, பிளக் மாத்துன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்வாங்க.

சரி, இப்ப உங்க கையேட்டை மறுபடி எடுங்க. அந்த 1,00,000க்குப் பக்கத்துலயோ கீழயோ இன்னொரு எண் இருக்கும், வருஷக் கணக்குல. அதைப் படிச்சுட்டு இங்க எழுதுங்க. அப்புறம் பேசலாம்.

இரண்டாவது_ஓனர்

அண்ணா, இருக்கு. பொடி எழுத்துல "அல்லது 6 வருடம், எது முதலில் வருகிறதோ". வண்டிக்கு 9 வயசு. மாத்தினதா ரசீது எதுவும் கூட வந்த ஃபைல்ல இல்ல. கொஞ்சம் வயித்தைக் கலக்குது. நாளைக்கு எடுக்கலாமா வேணாமா?

ஆனா ஒண்ணு புரியல. ஓடாத வண்டியில பெல்ட் எப்படித் தேயும்?

கிரீஸ்_கை

அது தேயறதில்ல தம்பி, அதுக்கு வயசாகுது. பெல்ட்ங்கறது வெறும் ரப்பர் கிடையாது. நீளவாக்குல கண்ணாடி இழைக் கயிறுங்க ஓடும், இழுவை முழுக்க அதுங்க தலையிலதான். அதைச் சுத்தி ரப்பர். பல்லு மேல நைலான் துணி. அந்தக் காலத்துல நியோப்ரீன், பிறகு சூட்டையும் எண்ணெய்ப் பசையையும் இன்னும் கொஞ்சம் தாங்கற எச்.என்.பி.ஆர்.னு ஒரு ரப்பர் வந்துச்சு. எந்த ரப்பரா இருந்தாலும் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, காத்து பட்டு இறுகும். உங்க முதல் ஓனர் மாதிரி பக்கத்துத் தெருவுக்குப் போய்ட்டு வந்து நிறுத்தற வண்டியில பெல்ட் அந்தச் சின்ன கிராங்க் புல்லியை வளைச்சுக்கிட்டு வாரக்கணக்கா ஒரே நிலையில கிடக்கும். 64,000தானே ஓடியிருக்குன்னு பெல்ட்டுக்குத் தெரியாது.

மூடியைத் திறந்து பாத்து முடிவு பண்ணலாமான்னு கேட்டீங்க. பழைய நியோப்ரீன் பெல்ட்டுல முதுகுப்பக்கம் வெடிப்பு விடும், பாத்தாலே தெரியும். இப்ப வர்ற பெல்ட்டு முதுகு மொழுமொழுன்னு இருக்கும், அடிப்பல்லுல வெடிச்சிருக்கும், இல்ல உள்ள கயிறு இத்துப் போயிருக்கும். அதனால பாக்கறதுல ஒரு உபயோகம்தான்: மோசமா இருந்தா உடனே தெரிஞ்சுக்கலாம். நல்லா இருக்கறதா தெரிஞ்சா அதுக்கு அர்த்தம் எதுவும் இல்ல.

ஆனா நான் உங்களுக்குச் சொல்ல நினைக்கறது பெல்ட்டைப் பத்தியே இல்ல. பெல்ட் தானா சாகறது குறைவு, அக்கம்பக்கத்துல இருக்கறவங்கதான் அதைக் கொல்றாங்க. அந்த மூடிக்குள்ள டென்ஷனர்னு ஒரு உருளை பெல்ட்டை இறுக்கிப் பிடிச்சிருக்கும். ஐட்லர்னு ஒண்ணு ரெண்டு உருளை வழி காட்டும். நிறைய என்ஜின்ல வாட்டர் பம்ப்பையும் இதே பெல்ட்தான் சுத்துது. இதுல எந்த பேரிங் இறுகினாலும் பெல்ட் அதுமேல தேச்சுக்கிட்டே ஓடி, சூடேறி, ஓரம் பிரிஞ்சு போயிடும். கேம் சீலோ கிராங்க் சீலோ கசிஞ்சா எண்ணெய் குடிச்சு ரப்பர் ஊதும். கூலன்ட் (என்ஜினைக் குளிர வைக்கற தண்ணி) பட்டாலும் ஆகாது.

இதை நான் அனுபவிச்சே கத்துக்கிட்டேன். தொழிலுக்கு வந்து மூணாவது வருஷம். ஒருத்தர் பெல்ட் மட்டும் வாங்கிக் கொண்டு வந்தார். உருளையைக் கையால சுத்திப் பாத்தேன், வழுக்கிக்கிட்டு சுத்துச்சு. நல்லாத்தான் இருக்குன்னு பழசையே மாட்டிட்டேன். 14,000 கி.மீ. கழிச்சு அந்த வண்டி கயிறு கட்டி இழுத்துக்கிட்டு வந்துச்சு. ஐட்லர் பேரிங் இறுகிப் போய் நீலமா நிக்குது. நான் போட்ட பெல்ட் பாதி அகலத்துக்குத் தேஞ்சு, அறுந்து, மூடிக்குள்ள பஞ்சு பஞ்சாக் கிடக்குது. 16 வால்வுல 8 வளைஞ்சிருந்துச்சு. அந்த ஹெட்டை என் கைக்காசுல சரி பண்ணிக் கொடுத்தேன். அப்புறம் நான் தெரிஞ்சுக்கிட்டது: நல்ல பேரிங் கையால சுத்தினா கிரீஸ் இழுத்து மெதுவா நிக்கணும். வழுக்கிக்கிட்டு சுத்தினா உள்ள கிரீஸே இல்லைன்னு அர்த்தம். நான் அதைத்தான் "நல்லா இருக்கு"ன்னு நினைச்சிருக்கேன்.

அதனால பெல்ட், டென்ஷனர், ஐட்லர், பெல்ட்டே சுத்துற வகையா இருந்தா வாட்டர் பம்ப், கசிவு இருந்தா சீல், எல்லாம் சேத்துப் போடுங்க. பெல்ட்டை எட்டறதுக்குள்ள என்ஜின் மவுன்ட்டைக் கழட்டி, புல்லியைக் கழட்டி, மூடியைக் கழட்டி அரை நாள் போகும். ஒரு உருளைக்காக அதே வேலையை ரெண்டு தடவை செய்யணுமா?

நாளைக்கு வண்டி எடுக்கலாமான்னு கேட்டதுக்கு: நானா இருந்தா பெல்ட் மாத்தற இடத்துக்கு மட்டும் எடுப்பேன்.

ஹைவே_ராஜா

கிரீஸ் அண்ணா, பாத்துட்டேன். என்னோடது செயினாம். 😅 அப்ப நான் சொன்னது அவருக்குப் பொருந்தாது, மன்னிக்கவும் ப்ரோ.

ஆனா என் பக்கம் நிம்மதிதானே? செயின்னா ஆயுசுக்கும் மாத்த வேணாம்னு விக்கறப்ப சொன்னாங்க. காலையில முதல் ஸ்டார்ட்டுக்கு மட்டும் ரெண்டு மூணு செகண்ட் கடகடன்னு ஒரு சத்தம், அப்புறம் சரியாயிடும்.

மெதுவாகப்_போகிறவள்

ராஜா, அந்தக் கடகடவை நானும் ஒரு வருடம் "அப்புறம் சரியாகிவிடுகிறதே" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். என் கதையைச் சொல்கிறேன், உங்களுக்குப் பயன்படலாம்.

என் வண்டியும் செயின்தான். 10,000 கி.மீ.க்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும். வேலைப்பளுவில் ஒருமுறை 18,000 வரை இழுத்துவிட்டேன், அடுத்த முறை 16,000. இடையில் ஆயில் அளவு பார்க்கும் குச்சியை எடுத்துப் பார்த்ததே இல்லை. குளிரான காலைகளில்தான் முதலில் சத்தம் வந்தது, இரண்டு செகண்ட். பிறகு எல்லாக் காலைகளிலும் வந்தது. பிறகு ஐந்து செகண்ட் ஆனது. நான் பாட்டை இரண்டு செகண்ட் முன்னால் போட்டுக்கொண்டேன் என்பதுதான் உண்மை!

82,000 கி.மீ.யில் என்ஜின் விளக்கு எரிந்தது. ஸ்கேனரில் பி0016 என்று வந்தது. கிராங்க் இருக்கும் இடமும் கேம் இருக்கும் இடமும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்று அர்த்தமாம். முதலில் சென்சரை மாற்றினார்கள். மூன்று நாளில் விளக்கு மறுபடி எரிந்தது. பிறகுதான் மூடியைத் திறந்தார்கள். டென்ஷனர் தன் முழு நீளத்துக்கும் வெளியே வந்து நின்றது, அதற்கு மேல் தள்ள இடமில்லை. செயின் உரசிப் போகும் பிளாஸ்டிக் கைடு ஒன்று உடைந்து, அதன் துண்டுகள் என்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தட்டில் (ஆயில் பேன்) கிடந்தன. செயின், இரண்டு கைடு, டென்ஷனர், பல் சக்கரங்கள் எல்லாம் மாற்றினோம். வால்வு தப்பியது. இன்னும் சில வாரம் ஓட்டியிருந்தால் தப்பியிருக்காது என்றார் மெக்கானிக்.

செயின் சாவதற்கு முன்பு சொல்லிவிட்டுத்தான் சாகிறது. நான் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

கிரீஸ்_கை

அம்மா எழுதினதுல நான் திருத்த ஒண்ணும் இல்ல. சென்சரை மாத்தின கதைகூட அப்படியே எல்லா இடத்துலயும் நடக்கறதுதான்.

ராஜா, "செயின் நீண்டுடுச்சு"ன்னு சொல்றோமே, இரும்பு இழுபட்டு நீள்றதில்ல. ஒவ்வொரு கண்ணியிலயும் இருக்கற பின் தேயுது. ஒரு செயின்ல 150 கண்ணின்னு வைங்க. ஒவ்வொரு மூட்டும் ஒரு மில்லிமீட்டர்ல நூறுல ஒரு பங்கு தேஞ்சா மொத்தத்துல ஒண்ணரை மில்லிமீட்டர் நீண்டாச்சு. அந்தத் தொய்வை டென்ஷனர் தள்ளித் தள்ளி ஈடு கட்டும். பெரும்பாலும் அந்த டென்ஷனரை வெளியே தள்றது என்ஜின் ஆயிலோட அழுத்தம். ராத்திரி முழுக்க நிக்கற வண்டியில ஆயில் கீழ இறங்கிடுது. காலையில அழுத்தம் ஏறற வரைக்கும் செயின் தொளதொளன்னு கைடுல அடிக்குது. நீங்க கேக்கற கடகட அதுதான். டென்ஷனர்ல இருக்கற சின்ன வால்வு ஆயிலைப் பிடிச்சு வைக்காம விடலாம், செயினே தேஞ்சிருக்கலாம், ரெண்டும் இருக்கலாம். சில நேரம் கேம் டைமிங்கை மாத்தற ஃபேசர்லேர்ந்து வர்ற சத்தமும் இதே மாதிரி இருக்கும். திறக்கறதுக்கு முன்னாடி ஸ்கேனர்ல கேம் எத்தனை டிகிரி தள்ளி நிக்குதுன்னு பாக்கச் சொல்லுங்க, பாதி விஷயம் அதுலயே தெரிஞ்சுடும்.

மறக்காம இன்னிக்கே ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்க. செயினுக்கு உயிரே ஆயில்தான். பின்னுக்கும் அதைச் சுத்தி இருக்கற புஷ்ஷுக்கும் நடுவுல நிக்கறது அந்த எண்ணெய்ப் படலம் மட்டும்தான். அதுல கரி சேந்தா உப்புத்தாள் வச்சுத் தேய்க்கற மாதிரி. நேரடியா சிலிண்டருக்குள்ள பெட்ரோல் அடிக்கற என்ஜின்ல கரி இன்னும் அதிகமாச் சேரும். "ஆயுசுக்கும்"னு சொன்னாங்களே, யாரோட ஆயுசுன்னு கேட்டீங்களா?

தம்பிக்கு செயின் வண்டி வாங்கலையேன்னு ஒரு வருத்தம் இருந்துச்சு. அதுக்கும் சொல்லிடறேன். இந்தப் பல் பெல்ட் முதல்ல கார்ல வந்ததே இல்ல, 1940கள்ல தையல் மெஷினுக்காக வந்தது. மேல ஊசியும் கீழ பாபின் கொக்கியும் முறை தப்பாம சந்திக்கணும், இல்லைன்னா தையல் விட்டுப் போகும். யோசிச்சுப் பாருங்க, பிஸ்டன் வால்வுப் பிரச்சினையேதான். கார்ல முதல் முதலா பெரிய எண்ணிக்கையில போட்டது 1962ல, ஜெர்மனியில கிளாஸ்னு ஒரு சின்ன கம்பெனி, 1004னு ஒரு சின்ன கார்ல. 1966ல ஃபியட்டும் பாண்டியாக்கும் போட்டாங்க. பெல்ட்டுக்கு எடை கம்மி, சத்தம் கம்மி, ஆயில் வேணாம், கேம் மேல இருக்கற என்ஜினுக்கு நீளமா இழுத்துட்டுப் போகலாம். ஏமாத்து வேலை எதுவும் அதுல இல்ல. கெடு தேதி எழுதிக் கொடுத்துட்டாங்க, நாமதான் படிக்கறதில்ல.

எனக்கே எது வேணும்னு கேட்டா, ஆயில் ஒழுங்கா மாத்தறவனுக்கு செயின், ஆயிலை மறந்தாலும் காலண்டரைப் பாக்கறவனுக்கு பெல்ட். பழைய வண்டி வாங்கறவனுக்கு நான் பெல்ட்டுதான் சொல்வேன். முன்னாடி வச்சிருந்தவர் ஆயில் எப்படி மாத்தினார்னு யாருக்குத் தெரியும்? பெல்ட்டை மொத்தமா மாத்தினா அந்தக் கணக்கு பூஜ்யத்துலேர்ந்து ஆரம்பிக்குது. இதை ஒத்துக்காத நண்பர்கள் எனக்கு நிறைய பேர் இருக்காங்க.

வெளியேர்ந்து பாத்து எதுன்னு கண்டுபிடிக்கணும்னா: என்ஜின் ஓரத்துல லேசான பிளாஸ்டிக் மூடி, கிளிப்போ நாலஞ்சு சின்ன போல்ட்டோ இருந்தா பெல்ட். சுத்தி நெருக்கமா போல்ட் போட்டு, சீலன்ட் வச்சு ஒட்டின அலுமினிய மூடின்னா உள்ள ஆயில் இருக்குன்னு அர்த்தம், அதனால பெரும்பாலும் செயின்.

குட்டி_டர்போ

"பெரும்பாலும்"னு சொல்லிட்டீங்களே, அங்கதான் நான் மாட்டிக்கிறேன். என்னோடது மூணு சிலிண்டர் டர்போ. அலுமினிய மூடிதான். நானும் செயின்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். கையேட்டுல பாத்தா பெல்ட்டுன்னு இருக்கு. ஆயிலுக்குள்ள எப்படி பெல்ட் ஓடும்? ஆயில் பட்டா ஊதிடும்னு நீங்கதானே சொன்னீங்க?

கிரீஸ்_கை

அது வெட் பெல்ட். ஆயில்லயே ஊறிக்கிட்டு ஓடறதுக்குன்னு தனியா செஞ்ச ரப்பர். உரசல் குறையும், அகலம் குறைக்கலாம், சத்தமும் இல்லைன்னு கொண்டு வந்தாங்க. 2012ல வந்த ஃபோர்டோட 1.0 லிட்டர் ஈகோபூஸ்ட் அப்படித்தான் வந்துச்சு. பின்னாடி அதே என்ஜினுக்கு டைமிங் பக்கம் செயின் போட்டுட்டாங்க.

இதுல கவனிக்க வேண்டியது ஆயில். கையேட்டுல எந்தத் தர எண் போட்டிருக்கோ அதே எண் டப்பாவுல இருக்கணும். "இதுவும் அதே கிரேடுதான்"னு வேற ஊத்த விடாதீங்க. சின்னச் சின்ன ஓட்டத்துல என்ஜின் சூடே ஏறாம நிறுத்தினா பெட்ரோல் ஆயில்ல இறங்கிக் கலக்கும், அது அந்த ரப்பரைத் தின்னும். உதிர்ற துணுக்கு நேரா ஆயில் பேனுக்குப் போய் பம்ப் உறிஞ்சற வலையை அடைக்கும். பெல்ட் அறுந்து போறதுக்கு முன்னாடியே ஆயில் அழுத்தம் விழுந்து டர்போவும் பேரிங்கும் போயிடும். அதனால ஆயில் பிரஷர் லைட் ஒரு நொடி மினுக்கினாலும் நிறுத்திடுங்க. சில என்ஜின்ல ஆயில் ஊத்தற வாய் வழியா டார்ச் அடிச்சா பெல்ட் முதுகு தெரியும். ஆயில் மாத்தற ஒவ்வொரு தடவையும் எட்டிப் பாருங்க.

இரண்டாவது_ஓனர்

அண்ணா, நேத்து மாத்தியாச்சு. பக்கத்துலயே ஸ்டூல் போட்டு உக்காந்து பாத்தேன். (மெக்கானிக்குக்கு அது பிடிக்கல, ஆனா ஒண்ணும் சொல்லல.)

கழட்டின பெல்ட்டைக் கையில கொடுத்தார். முதுகுல அச்சடிச்ச எழுத்துகூட அழியாம இருந்துச்சு. "பாத்தியா, இன்னும் 30,000 ஓடியிருக்கும்"னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன். அப்புறம் நீங்க அடிப்பல்லுன்னு எழுதினது ஞாபகம் வந்து, பெல்ட்டைப் பின்பக்கமா வளைச்சுப் பாத்தேன். ஏழெட்டுப் பல்லோட அடியில முடி கனத்துக்குக் கீறல். வளைச்சா வாய் திறக்குது, விட்டா மூடிக்குது. வளைக்காமப் பாத்தா தெரியவே தெரியாது.

ஐட்லரைச் சுத்தினா உள்ள மணல் இருக்கற மாதிரி கரகரன்னுச்சு. வாட்டர் பம்ப் அடியில ஒரு சின்ன ஓட்டை இருக்கு, அதுலேர்ந்து கூலன்ட் கசிஞ்சு இளஞ்சிவப்பா காஞ்ச தடம் ஒண்ணு கீழ வரைக்கும் இறங்கியிருந்துச்சு. கிராங்க் சீல், கேம் சீல் காஞ்சுதான் இருந்துச்சு, ஆனாலும் கிராங்க் சீலை மாத்திட்டார்.

ஒரு சந்தேகம். மாட்டறப்ப புது பெல்ட்டுல இருந்த வெள்ளைக் கோடுங்க புல்லியில இருக்கற குறியோட அச்சா பொருந்துச்சு. அப்புறம் அவர் ஸ்பேனர் போட்டு கையால கிராங்கை ரெண்டு சுத்து சுத்தினார். புல்லிக் குறி எல்லாம் மறுபடி நேரா வந்து நின்னுச்சு, ஆனா பெல்ட்டுல இருந்த கோடு எங்கயோ போயிடுச்சு! கேட்டேன், "அது அப்படித்தான்"னுட்டு மூடியை மாட்டிட்டார். ராத்திரி தூக்கமே வரல. தப்பா மாட்டியிருப்பாரோ?

கிரீஸ்_கை

நிம்மதியாத் தூங்குங்க. அவர் சரியாத்தான் பண்ணியிருக்கார். கையால ரெண்டு சுத்து சுத்தறவர் கையில வண்டியைத் தைரியமா விடலாம். எங்கயாவது வால்வு இடிக்கற மாதிரி இருந்தா கைக்குத் தெரியும், செல்ஃப் அடிச்சுப் பாத்தா தெரியாது, உடைஞ்ச பிறகுதான் தெரியும்.

பெல்ட்டுக் கோடு மாட்டறப்ப உதவிக்கு மட்டும்தான். உங்க பெல்ட்டுல 111 பல்லு, கிராங்க்ல 20ன்னு வைங்க. ரெண்டு சுத்துக்கு பெல்ட் 40 பல் நகரும். கோடு வேற இடத்துக்குப் போகத்தானே செய்யும்? மறுபடி எல்லாம் ஒண்ணா சேரணும்னா கிராங்க் 222 சுத்து சுத்தணும். பாக்க வேண்டியது புல்லிக் குறியை மட்டும். நான் கத்துக்கிட்டப்ப இதே கோடு காணாமப் போய், சரியா மாட்டின பெல்ட்டை மூணு தடவை கழட்டி மாட்டினேன், கடைசியில பெரியவர் வந்து தலையில தட்டினார்.

ரெண்டு விஷயம் மட்டும் கேட்டு எழுதுங்க. கிராங்க் புல்லி போல்ட் புதுசு போட்டாரா? சில என்ஜின்ல அந்த போல்ட் ஒரு தடவை முறுக்கினா இழுபட்டுடும், மறுபடி போடக் கூடாது. அதுலயும் சிலதுல கிராங்க் பல் சக்கரத்துக்கு சாவியே (நழுவாமப் பிடிக்கற சின்ன இரும்புத் துண்டு) கிடையாது, போல்ட்டோட இறுக்கத்துலதான் நிக்குது. அது தளர்ந்தா புது பெல்ட் இருந்தும் டைமிங் நழுவிடும். ரெண்டாவது, கூலன்ட் ஊத்தினப்ப உள்ள சிக்கின காத்தை எடுத்தாரா? ஒரு வாரத்துக்கு காலையில என்ஜின் ஆறினப்ப கூலன்ட் மட்டத்தைப் பாத்துக்கோங்க.

இரண்டாவது_ஓனர்

போல்ட் புதுசுதான், கிட்டோட வந்துச்சு. இறுக்கத்தை அளக்கற டார்க் ரெஞ்ச் வச்சு முறுக்கிட்டு, அப்புறம் டிகிரி பாத்து இன்னும் கொஞ்சம் திருப்பினார். காத்தும் எடுத்தார், ஹீட்டரை முழுசாப் போட்டு ஃபேன் ஓடற வரைக்கும் வச்சிருந்தார். இன்னிக்கு காலையில மட்டம் அரை விரல் இறங்கியிருந்துச்சு, ஊத்திட்டேன்.

பெல்ட் மூடி மேல தேதியும் 64,870ன்னும் மார்க்கர்ல எழுதி வச்சிருக்கார். பழைய பெல்ட்டை நான் வாங்கிட்டு வந்துட்டேன்.

ஹைவே_ராஜா

குச்சியை எடுத்துப் பாத்தேன். நுனியில கூட ஆயில் ஒட்டல. ஒரு லிட்டருக்கு மேல ஊத்த வேண்டியதாச்சு. இன்னிக்குக் காலையில கடகட குறைஞ்சிருக்கு, ஆனா இருக்கு. சனிக்கிழமை ஸ்கேன் பண்ண எழுதி வச்சிருக்கேன்.